சேரிக்கு வந்து படித்தவர்களும் சீமைக்குப் போய் உழைப்பவர்களும்

பதினைந்து வருடங்களுக்கு முன்பு தண்டராம்பட்டு பக்கத்தில் ஒரு காலனிக்கு வேன் ஒன்று வந்து நின்றது. ஏழெட்டு வெள்ளைக்காரப் பெண்கள் இறங்கினார்கள். ஏதோ ஓர் ஐரோப்பிய நாட்டில் நர்சிங் படிக்கும் மாணவிகள். அழைத்து வந்தது ஒரு தொண்டு நிறுவனம். மனைப் பட்டா கேட்டு மனு எழுதிக் கொடுப்பதற்காக நானும் அன்று அங்கே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்கள் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். பிரசவமாகி இருபது நாள் ஆன ஒரு பெண்ணின் குடிசைக்குள் போய்க் குழந்தையை எடை போட்டார்கள். அடுப்புக்கும் மாடு கட்டுகிற இடத்துக்கும் எத்தனை அடி தூரம் என்று ஒருத்தர் காலால் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். நம் ஊர்த்தெருக்காரர்கள் உட்காராத கட்டிலில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் வேன் கிளம்பிவிட்டது.

அவர்களுடைய பாடத்தின் பெயர் 'குளோபல் ஹெல்த்'. தமிழில் உலக சுகாதாரம். அதாவது நம் சேரி அவர்களுக்கு ஒரு வகுப்பறை.

அன்று அந்த வேனுக்குப் பின்னால் ஓடிய பிள்ளைகளில் ஒருவர் இந்த ஆண்டு பி.எஸ்சி நர்சிங் கடைசி வருடம் படிக்கிறார். குடும்பத்தின் முதல் பட்டதாரி. தாட்கோ நடத்தும் ஜெர்மன் மொழிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்க வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது அந்த வேன் பேச்சும் வந்தது. சட்டென்று ஒன்று கேட்டார்: "அண்ணா, அவங்க நம்ம ஊருக்குப் படிக்க வந்தாங்க. நாம மட்டும் ஏன் அவங்க ஊருக்கு வேலைக்குப் போறோம்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைப் புரட்டினேன்.

நர்ஸ் வேலை என்றால் அடுத்தவர் உடலைத் தொடும் வேலை. இரத்தம், சீழ், மலம், மூத்திரம், பிரசவத் தீட்டு, பிணம். சாதி ஒழுங்கில் இந்தக் காரியங்களை எல்லாம் யார் தலையில் கட்டியிருந்தார்கள் என்று நமக்குத் தெரியும். தமிழ்நாட்டில் பிரசவம் பார்ப்பது நாவிதர் குலத்து மருத்துவச்சியின் வேலையாக இருந்தது. வட இந்தியாவின் பெரும்பகுதியில் அது சமார் போன்ற தலித் சாதிப் பெண்களின் வேலை. தொப்புள்கொடி அறுக்க அவள் கை வேண்டும். அறுத்து முடித்த பிறகு அந்தக் கை பட்ட இடத்தைக் கழுவ வேண்டும். அந்தப் பெண்களின் அனுபவ அறிவை யாரும் அறிவு என்று சொன்னதில்லை. 'அவ கைராசி' என்று சொன்னார்கள்.

வெள்ளைக்கார அரசாங்கம் சென்னையில் 1854இல் பிரசவப் பயிற்சியையும் 1871இல் அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சியையும் தொடங்கியபோது இந்தச் சிக்கல் அதன் காலைச் சுற்றியது. மேல்சாதிப் பெண்கள் வரவில்லை. ஐரோப்பியப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும்தான் தொடக்கத்தில் அந்த இடங்களை நிரப்பினார்கள். பிறகு மிஷன் மருத்துவமனைகள் வந்தன. கிறிஸ்தவப் பெண்கள் வந்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவின் நர்சுகளில் பத்துக்கு ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள் என்று நர்சிங் வரலாற்றை எழுதியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். 'கிறிஸ்தவம் அன்பின் மதம், அதனால் சேவைக்கு வந்தார்கள்' என்று இதைப் பாராட்டாகச் சொல்லிக் கடந்துபோவது வழக்கம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். மற்ற தொழில்களின் கதவுகள் மூடியிருந்தபோது மற்றவர்கள் அருவருத்துத் தள்ளிய ஒரு கதவு திறந்திருந்தது. அதன் வழியாக நுழைந்தார்கள்.

ஆற்காட்டுப் பகுதியில் இந்தக் கதை இன்னும் தெளிவாகத் தெரியும். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல்தான். அதற்கு முன்பு வட ஆற்காடு. ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன் இந்த மண்ணில்தான் வேலை செய்தது. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பறையர்கள். 1876-78 பெரும்பஞ்சத்தின்போது ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி நடத்தியது. இன்றும் அந்தப் பெயரிலேயே டவுனுக்குள் மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. தெற்கே திருக்கோவிலூரில் அவர்களுடைய மருத்துவமனை. சேரியில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு மிஷன் போர்டிங் பள்ளி, அங்கிருந்து டீச்சர் டிரெய்னிங் அல்லது நர்ஸ் டிரெய்னிங் என்று ஒரு ஒற்றையடிப் பாதை உருவானது. அந்தப் பாதைக்கு நிபந்தனைகள் உண்டு. பாதிரியார் சொல்படி கேட்க வேண்டும், துரைசானிக்குப் பணிய வேண்டும். கோயிலை விட்டு வந்தாலும் சாதி விட்டதா என்றால், தேவாலயத்துக்குள்ளேயே சாதி பார்த்து உட்கார்ந்த ஊர்கள் இங்கே உண்டு. இருந்தாலும் அது ஒரு பாதை. அந்தக் காலத்தில் வேறு யாரும் போட்டுக் கொடுக்காத பாதை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் தோற்றக் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணின் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் சாதி இந்து. மூன்று பேரின் மனைவிகளும் பிரசவ வேதனையில். ஆண் டாக்டரான ஐடாவின் தந்தை தொடக்கூடாது என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்தச் சாவுகள்தான் ஐடாவை டாக்டருக்குப் படிக்க வைத்தன. உண்மையான துயரம்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம் நான் இன்னொரு கதவை நினைப்பேன். அதே திண்டிவனத்துச் சேரியில் பிரசவத்தில் செத்த பெண்ணின் புருஷன் யார் கதவைத் தட்டியிருப்பான்? 'ஆண் டாக்டர் வேண்டாம்' என்று மறுப்பதற்குக்கூட முதலில் ஒரு டாக்டர் இருக்க வேண்டும் அல்லவா?

ஐடா 1899இல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று 1900இல் வேலூரில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். ஆரம்ப நாட்களில் அவருக்குக் கைகொடுத்தவர் அந்த வீட்டு வேலைக்காரக் குடும்பத்தைச் சேர்ந்த சலோமி என்ற பெண். மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் சலோமிக்குச் சொல்லிக் கொடுத்து, அவரை உதவியாளர் ஆக்கினார் ஐடா. 1902இல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை வந்தது. 1909இல் நர்சிங் பள்ளி. 1946இல் பட்டப்படிப்பு. இந்தியாவில் பி.எஸ்சி நர்சிங் முதலில் தொடங்கியது இரண்டே இடங்களில், ஒன்று டெல்லி, மற்றொன்று வேலூர். ஐடாவின் பெயர் தெரியாத நர்சிங் மாணவி தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். சலோமியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி தொழுநோய்க்கு வருகிறேன். உலகம் நம் மாவட்டத்திடம் எதைக் கற்றுக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வட ஆற்காடு ஒரு காலத்தில் தொழுநோய் மிக அதிகமாக இருந்த மாவட்டங்களில் ஒன்று. திருவண்ணாமலைக் கோயில் கோபுர வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. விரல் அழுகி விழுவது முன்வினைப் பயன் என்று பக்தர்கள் சொன்னார்கள். நோயே சதையைத் தின்கிறது என்று டாக்டர்கள் நம்பினார்கள். 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேறு முடிவுக்கு வந்தார். நோய் விரலைத் தின்பதில்லை. நரம்பு செத்துப்போனதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் காயம் படுகிறது. காயம் தெரியாததால் புண் ஆறுவதில்லை. இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் புத்தகமும் அல்ல. நோயாளிகளின் அன்றாட வாழ்க்கைதான். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்குகிறார்கள். துருப்பிடித்த பூட்டைப் பலங்கொண்ட மட்டும் திருகுகிறார்கள், விரல் கிழிவது தெரியாமல். வெறுங்காலோடு கரம்பில் நடக்கிறார்கள். இராத்திரி படுத்தபோது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. பார்த்தால் எலி கடித்திருக்கிறது. இதற்கு மருந்து என்ன? நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். உண்மையாகவே பூனைதான் கொடுத்தார்கள்.

1948 வாக்கில் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றிக் கட்டி நிமிர்த்தும் அறுவை தொடங்கியது. பிறகு காட்பாடி பக்கத்தில் கரிகிரியில் தனி ஆய்வு மையம் வந்தது. மென்மையான ரப்பரில் செருப்பு செய்து கொடுத்தார்கள். பல நாடுகளிலிருந்தும் டாக்டர்களும் நர்சுகளும் இயன்முறை மருத்துவர்களும் இங்கே வந்து கற்றுக்கொண்டு போனார்கள். இன்று நியூயார்க்கிலோ லண்டனிலோ ஒரு சர்க்கரை நோயாளியின் மரத்துப்போன பாதத்தைப் பரிசோதித்து 'வெறுங்காலோடு நடக்காதீர்கள், தினமும் பாதத்தைப் பாருங்கள்' என்று ஒரு நர்ஸ் சொல்கிறாரே, அந்த அறிவில் ஒரு பெரும் பங்கு வட ஆற்காட்டு ஏழைகளின் பாதத்திலிருந்து போனது. செருப்பு போட்டுத் தெருவில் நடந்தால் அடி விழும் என்ற ஊர்களும் அதே மாவட்டத்தில் அப்போது இருந்தன. உணர்ச்சியற்ற காலுக்குச் செருப்பு மருந்து என்று கண்டுபிடித்த அதே மண்ணில் சில கால்களுக்குச் செருப்பு குற்றம். குளோபல் ஹெல்த் பாடப் புத்தகத்தில் இந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்க்க வேண்டும்.

அந்த வார்டுகளில் புண்ணைக் கழுவியவர்கள், கட்டு மாற்றியவர்கள், குப்பை அள்ளியவர்கள் யார் யார் என்று எழுத வேண்டிய வரலாறு ஒன்று பாக்கி இருக்கிறது. ஓய்வு பெற்ற நர்சம்மாக்களும் ஆயாக்களும் இன்னும் நம்மோடு இருக்கும்போதே யாராவது அதை எழுத உட்கார வேண்டும்.

சுதந்திரத்துக்குச் சற்று முன்பு, 1946இல் போர் கமிட்டி அறிக்கை வந்தது. நாட்டில் சுமார் 7,000 நர்சுகள். 43,000 மக்களுக்கு ஒருவர் என்றது அறிக்கை. பட்டப்படிப்பு வேண்டும், தலைமை ஏற்க ஆட்கள் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. அடுத்த இருபது ஆண்டுகள் வெளிநாட்டுப் பயிற்சிகளின் காலம். உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கத் தொழில்நுட்ப உதவி, கொழும்புத் திட்டம் என்று பல வழிகளில் இந்திய நர்சுகள் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் மேற்படிப்புக்குப் போனார்கள். திரும்பி வந்து கல்லூரி முதல்வர்களாகவும் கண்காணிப்பாளர்களாகவும் ஆனார்கள். நர்சிங் என்பது வேலை மட்டுமல்ல, ஒரு படிப்பு என்று இந்தியாவில் நிலைநாட்டியவர்கள் அவர்கள். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அந்த வாய்ப்பு யாருக்கு எட்டும்? பட்டம் இருக்க வேண்டும், ஆங்கிலம் சரளமாக வர வேண்டும், பரிந்துரைக்க மேலே ஆள் இருக்க வேண்டும். சேரியிலிருந்து மிஷன் பாதையில் வந்து, தமிழில் படித்து, வார்டில் நின்ற பெண்ணுக்கு இந்த மூன்றுமே இல்லை. அதே தொழில், அதே வெள்ளைச் சீருடை. ஆனால் உள்ளே இரண்டு அடுக்குகள்.

வெளிநாட்டுப் படிப்பின் அருமையை நம் மக்களில் அண்ணல் அம்பேத்கரைவிட உணர்ந்தவர் யார்? 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனவர் அவர். வைஸ்ராய் நிர்வாக சபையில் உறுப்பினரானதும், 1942 அக்டோபரில் லின்லித்கோ பிரபுவிடம் பட்டியல் சாதியினரின் குறைகளைப் பற்றி நீண்ட மனு ஒன்றைக் கொடுத்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் ஆளுக்கு மூன்று லட்சம் தருகிறீர்களே, எங்களுக்கு என்ன என்று கேட்டார். 1944இல் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகைக்கு ஒதுக்கப்பட்டது. வெளிநாட்டுக்கும் மாணவர்கள் அனுப்பப்பட்டார்கள். அண்ணல் வலியுறுத்திக் கேட்டது அறிவியலும் தொழில்நுட்பமும். நர்சிங் அந்தப் பேச்சில் இல்லை. இருக்கவும் முடியாது, 1942இல் இந்தியாவில் நர்சிங் பட்டமே கிடையாது. ஆனால் 1954-55இல் மத்திய அரசு தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையைத் தொடங்கியபோது நிலைமை அப்படி இல்லை. பட்டம் வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அண்ணல் போட்ட பாதையில் இன்ஜினியரிங், பொருளாதாரம், சட்டம் என்று நம் பிள்ளைகள் போனார்கள். நர்ஸ்? அவள் 'வேலைக்குப் போகிறவள்' என்றே நம் இயக்கங்களும் நினைத்துவிட்டன. இதில் நம் தவறும் இருக்கிறது. அம்பேத்கர் படிப்பகங்களில் ஐ.ஏ.எஸ். வழிகாட்டிப் புத்தகம் இருக்கும். நர்சிங் மேற்படிப்புக்கு வழிகாட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

கடலுக்கு அப்பால் இதே கதை நிறத்தின் பெயரால் நடந்தது. கிரிமியப் போரின்போது, 1854இல், ஜமைக்காவில் பிறந்த மேரி சீகோல் லண்டனுக்கு வந்து 'நானும் நர்சாகப் போகிறேன்' என்று கேட்டார். காலராவையும் மஞ்சள் காய்ச்சலையும் பார்த்த கை. மறுத்துவிட்டார்கள். தன் சொந்தக் காசில் கப்பலேறிப் போய்ப் போர்முனை அருகே விடுதி வைத்துச் சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டார். அமெரிக்காவில் பயிற்சிப் பள்ளியில் முறையாகத் தேறிய முதல் கறுப்பின நர்ஸ் மேரி மஹோனி; ஆண்டு 1879. அங்கே வெள்ளையர் ஆதிக்கத்திலிருந்த நர்சுகள் சங்கத்தில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பினப் பெண்கள் 1908இல் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் அமைத்தார்கள். நாற்பது ஆண்டுகள் போராடி, 1948இல் பொதுச் சங்கத்தின் கதவைத் திறக்க வைத்து, 1951இல் தங்கள் சங்கத்தைக் கலைத்துவிட்டு உள்ளே போனார்கள். அதே 1908இல்தான் இந்தியப் பயிற்சி பெற்ற நர்சுகள் சங்கமும் பிறந்தது. நிறம் கண்ணுக்குத் தெரியும். அதனால் அங்கே சண்டையும் வெளிப்படையாக நடந்தது. சாதி ஆஸ்டல் மெஸ்ஸிலும் டியூட்டி சார்ட்டிலும் ஒளிந்துகொள்ளும். 'நீ எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?' என்ற கேள்வியில் ஒளிந்துகொள்ளும்.

1960களில் கேரளத்துப் பெண்கள் திருச்சபைகள் வழியாக மேற்கு ஜெர்மனிக்கு நர்சாகப் போனார்கள். எழுபதுகளில் வளைகுடா திறந்தது. தமிழ்நாடு அரசு 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. அருவருத்து ஒதுக்கப்பட்ட தொழிலுக்குப் பாஸ்போர்ட்டின் மதிப்பு வந்துவிட்டது. உடனே என்ன நடந்தது? ஒரு காலத்தில் 'நர்ஸ் பொண்ணா, வேண்டாம்' என்ற வீடுகள் நிலத்தை விற்று மகளை நர்சிங் சேர்த்தன. தனியார் கல்லூரிகள் பெருகின. தீட்டு காசாக மாறியதும் போட்டி வந்தது. நிலமே இல்லாதவர்கள் எதை விற்பார்கள்? ஆதிதிராவிடர் உதவித்தொகையை நம்பித்தான் சேர வேண்டும். 2018இல் மத்திய அரசின் புதிய விதிகள் மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டு மாணவர்களை அந்த உதவித்தொகையிலிருந்து வெளியே தள்ளின.

உள்ளூரில் வேலை கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும். 2015இல் தேர்வு எழுதி மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த ஒப்பந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தது நினைவிருக்கும். கொரோனாவில் கைதட்டி வரவேற்கப்பட்ட ஒப்பந்த நர்சுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இதைப் பார்த்த பிறகு ஒரு பெண் ஜெர்மனி போகிறேன் என்றால், 'தாய்நாட்டுக்கு சேவை செய்' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அதனால் தாட்கோவின் ஜெர்மன் பயிற்சியை நான் குறை சொல்லப்போவதில்லை. நர்சிங் முடித்த ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்கு அரசு செலவில் மொழி கற்றுத் தருவது நல்ல காரியம். ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாறுவதற்கு இது எவ்வளவோ மேல். என் சண்டை வேறு. 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் அப்போது 2.79 கோடி நர்சுகள் இருந்தார்கள், இன்னும் 59 லட்சம் பேர் தேவைப்பட்டார்கள். எட்டு நர்சுகளில் ஒருவர் தான் பிறந்த அல்லது பயின்ற நாட்டுக்கு வெளியே வேலை செய்தார். ஜெர்மனிக்கு நர்சுகள் வேண்டும். அதற்காக 2013இல் 'மூவருக்கும் வெற்றி' என்ற பொருளில் டிரிபிள் வின் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 2021 டிசம்பரில் கேரள அரசும் அதில் சேர்ந்தது. போகிற நாட்டுக்கு வெற்றி, அனுப்புகிற நாட்டுக்கு வெற்றி, நர்சுக்கு வெற்றி என்கிறார்கள். சரி, அந்த நர்ஸ் அங்கே என்னவாகப் போகிறார்? பட்டம் பெற்ற நர்சை அங்கே அங்கீகாரம் கிடைக்கும் வரை உதவியாளர் நிலையில் வைக்கலாம். முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றும் வேலை கிடைக்கலாம். கை தேவைப்படுகிறது. அந்தக் கையோடு ஒரு தலையும் வருகிறது என்பதை எந்த ஒப்பந்தமும் நினைத்துப் பார்க்கவில்லை.

படிக்கப் போகும் வாசல் அடைந்தே கிடக்கிறதா? இல்லை, அது கொஞ்சம் திறந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்குத்தான் யாரும் சொல்வதில்லை. தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். பட்டத்தில் 60 சதவீத மதிப்பெண், வயது 35க்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம். பெண்களுக்கு 30 சதவீதம். பொதுச் சுகாதாரம், நர்சிங் முதுகலை, முனைவர் பட்டம் எல்லாம் இதில் படிக்கலாம். (2022இல் இந்தியச் சமூகம், வரலாறு பற்றிய தலைப்புகளை இதிலிருந்து நீக்கினார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் போய்ப் படிக்கக்கூடாதாம். நோயைப் பற்றி இன்னும் படிக்கலாம்!) தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் தனியாக அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை தருகிறது, ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. நம் நர்சிங் பட்டதாரிகள் எத்தனை பேர் இதற்கு விண்ணப்பித்தார்கள் என்று துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். இந்த உதவித்தொகைகள் எல்லாம் பட்டம் முடித்த பிறகுதான். அன்று வேனில் வந்த பெண்கள் பட்டம் முடித்தவர்கள் அல்ல, மாணவிகள். படிக்கும்போதே ஒரு மாதம், இரண்டு மாதம் வேறு நாட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது அவர்களுக்குப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. வேலூர் போன்ற இடங்களுக்கு இன்றும் அப்படி வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள். வேலூர் மருத்துவக் கல்லூரி 1977இல் கே.வி.குப்பத்தில் தொடங்கிய ரூசா கிராமப்புறத் திட்டம் பல நாட்டு மாணவர்களுக்கும் தெரிந்த இடம். 2021-22இலிருந்து நம் பி.எஸ்சி நர்சிங்கும் செமஸ்டர், கிரெடிட் முறைக்கு மாறிவிட்டது. அந்த மாணவர்களை அனுப்பும் பல்கலைக்கழகங்களிடம் 'உங்கள் பத்துப் பேர் எங்கள் கிராமத்துக்கு வந்தால் எங்கள் அரசுக் கல்லூரி மாணவிகள் இரண்டு பேர் உங்கள் ஊருக்கு, உங்கள் செலவில்' என்று ஒரு நிபந்தனை போட என்ன தடை? அந்த இரண்டில் ஒன்று பட்டியல் சாதி மாணவிக்கு. ஏறக்குறைய 23 சதவீதம் பட்டியல் சாதி மக்கள் வாழும் திருவண்ணாமலை மாவட்டத்தில் இதைக் கேட்பது அதிகம் இல்லை. அவர்கள் நம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள். நாமும் அவர்கள் ஊர் முதியோர் இல்லத்தைப் பார்ப்போம். அகதிகளுக்கு அங்கே யார் ஊசி போடுகிறார்கள், கறுப்பினத் தாய்க்குப் பிரசவ வார்டில் என்ன மரியாதை கிடைக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வருவோம். தீண்டாமையை அனுபவித்தவள் கண்ணுக்குத் தெரிகிற சில விஷயங்கள் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது.

2023 ஜனவரி 30ஆம் தேதி இதே தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில் நம் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். எண்பது வருடமாக அந்த வாசல் அடைந்திருந்தது என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். அன்று தேங்காய் பழத்தோடு போனவர்களின் மகள்களில் நர்சிங் படிப்பவர்களும் இருப்பார்கள்.

என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தங்கைக்கு இந்த விவரங்களை எல்லாம் சொன்னேன். அவர் ஜெர்மன் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கிறார். தேர்வு முடிவு வந்து 60 சதவீதம் இருந்தால் பொதுச் சுகாதார முதுகலைக்கும் விண்ணப்பிக்கிறேன் என்கிறார். "ரெண்டுத்துக்கும் போட்டு வெக்கலாம்ணா, எது வருதோ பாப்போம்." இரண்டுக்கும் வருமானச் சான்றிதழ் வேண்டும். ஆன்லைனில் போட்டு மூன்று வாரம் ஆகிறது, இன்னும் வி.ஏ.ஓ. லாகினிலேயே நிற்கிறது. திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போகிறோம்.